பதினைந்து சுற்று



விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் 3000 மீட்டர் ஓட்டத்துக்கு யாருமே பெயர் கொடுக்கவில்லை. பி.டி. டீச்சர் என்னைப் பார்த்து, "நீ ஓடுறியா?" என்றார்கள். மீட்டரில் சொன்னதால் தூரம் புரியாமல் தலையாட்டிவிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டால் நம் மைதானத்தில் பதினைந்து சுற்று! எனக்குப் பகீரென்று ஆகிவிட்டது.

முதல் நாள் நாய் துரத்தியதுபோல் ஓடினேன். இரண்டாவது சுற்றிலேயே விலாவில் பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பத்தா வேறு, "பெரிய மனுசி ஆன புள்ளைக்கு ஓட்டம் எதுக்குடி? பொம்பள ஒடம்பு தாங்காது" என்று திட்டியது.

மறுநாள் அழுகையோடு டீச்சரிடம் போய், "பெயரை எடுத்துடுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்களாம். ஓடி முடித்துக் களைத்துப் போனவர்களைப் பார்த்துவிட்டு, பெண்கள் உடம்பு தாங்காது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்களாம். மறுபடி வைத்தது 1960-ல்தான். ஆனால் 1984-ல் பெண்கள் ஒலிம்பிக்கில் மாரத்தானே ஓடிவிட்டார்கள். அது 42 கிலோமீட்டருக்கும் மேல்! அப்பத்தா சொன்னதையேதான் ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள். நான் பெயரை எடுக்கவில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ஒரு நிமிஷம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படி எட்டுத் தடவை. வாரத்துக்கு மூன்று நாள்தான், நடுவில் ஒருநாள் ஓய்வு. ஓடும்போது பக்கத்தில் வருகிறவளோடு பேச முடியணும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடக்கூடாது. வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறைத்தேன். நான்காவது வாரம் நிற்காமல் ஐந்து சுற்று வந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது காலுக்கும் பொருந்தும்!

காலையில் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். கடைசியில் அப்பத்தாவே, "நானும் வாரேன், என்னதான் ஓடுறான்னு பாப்போம்" என்று கூட வந்தது. நான் கதை பேசுகிற அதே வேப்பமரத்தடியில் மடியில் புளியங்கொட்டையோடு உட்காரும். நான் ஒரு சுற்று வந்தால் ஒரு கொட்டையைத் தரையில் வைக்கும். எட்டாவது வாரம் ஒருநாள், "ஏத்தா, பதினஞ்சு ஆச்சுடி!" என்று கத்தியது. எனக்கு எண்ணிக்கையே மறந்துபோயிருந்தது.

போட்டியன்று பதினொரு பேர் ஓடினோம். எல்லாரும் முதல் சுற்றிலேயே பறந்தார்கள். எனக்கும் கால் துடித்தது. ஆனால் முதல் நாள் விலாவில் பிடித்தது ஞாபகம் வந்தது. என் வேகத்திலேயே போனேன். பாதியில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வந்த அக்கா என்னை ஒரு முழுச் சுற்று தாண்டிப் போனாங்க. நான் எட்டாவதாக வந்தேன். சான்றிதழ் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில்கூட நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்டது:

"எத்தனாவது?"

"எட்டாவது அப்பத்தா."

"நடுவுல உக்காந்தியா?"

"இல்ல."

"அப்பச் சரி. புளியங்கொட்டைய எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

தோழிகளே, திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். நீங்களும் வாங்க. ஒரு நிமிஷ ஓட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எண்ணுவதற்கு அப்பத்தா இருக்கிறது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி