விட்டு வந்த மான்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிகளில் வனசிங்காரக் கரை நெய்ததுண்டு. மானும் மயிலும் யானையும் மரங்களுமாக ஒரு காடே பட்டில் விரியும் வேலைப்பாடு அது. அதை நெய்த கைகளாலேயே, ஓய்வு நாள்களில் உண்மைக் காட்டுக்குள் துப்பாக்கியும் தூக்கினோம் என்றால் இன்றைய இளையோர் நம்ப மறுக்கின்றனர்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றிருந்த மாமா ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு முன்னே செல்ல, அண்ணன் தம்பிகள் மூவரும் படவேட்டைக் கடந்து ஜவ்வாது மலையடிவாரத்துக்குச் செல்வோம். முயலும் காட்டுப்பன்றியும் சில நாள் கிடைத்தன; பல இரவுகளில் கொசுக்கடியே கிடைத்தது. எங்களுக்கு வேட்டை பிழைப்பன்று, பொழுதுபோக்கு. அச்சொல்லை இப்போது எழுதவே கூசுகிறது.

ஒருநாள் மாலை மங்கும் நேரம், ஒரு புள்ளிமானைச் சுட்டோம். விழுந்தது, எழுந்தது, புதருக்குள் மறைந்தது. வழிகாட்டியாக வந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் குனிந்து, சருகின் மேலிருந்த குருதியை விரலால் தொட்டுப் பார்த்தார். "வயித்துல பட்டிருக்கு சாமி. சீக்கிரம் சாவாது. தேடித்தான் ஆகணும்" என்றார். எங்களுக்கோ மறுநாள் காலை ஒரு முகூர்த்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இருட்டிவிட்டதென்று காரணம் சொல்லித் திரும்பினோம். பெரியவர் எங்களோடு வரவில்லை. கையில் அரிவாளோடு, தனியே அந்தத் துளிகளைப் பின்பற்றிப் போனார். அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அந்த மான் எங்கள் நினைவுக்கு வரவில்லை.

பின்னர் ஜிம் கார்பெட்டைப் படித்தோம். 1907-இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. செத்த புலியின் வாயில் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை. அதனாலேயே இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் மனிதரைத் தேடிற்று என்கிறார். அந்தப் பெயர் தெரியாத மனிதர் அன்றிரவு வீடு திரும்பி நிம்மதியாக உணவருந்தியிருப்பார். நாங்களும் அப்படித்தான் உண்டோம்.

கார்பெட் 1947-இல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து, 1955-இல் அங்கேயே மறைந்தார். அந்நாடு 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் பணம் கட்டி வேட்டையாட இன்றும் வழியுண்டு. அப்பணமே காட்டைக் காக்கிறது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட மாட்டோம். ஆனால் 2015-இல் ஜிம்பாப்வேயில் செசில் என்னும் சிங்கம், அமெரிக்கர் ஒருவரின் அம்பு தைத்துப் பல மணி நேரம் கழிந்த பின்னரே கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தபோது, எங்கள் மனம் உரிமத்தையோ பணத்தையோ எண்ணவில்லை. இடைப்பட்ட அந்த மணி நேரங்களையே எண்ணியது.

பட்டும் உயிர் கொன்று வருவதுதானே என்று கேட்பவருண்டு. உண்மைதான்; கூட்டுக்குள் புழுவிருக்க வெந்நீரில் இட்டே இழை எடுக்கிறார்கள். அதற்கு எங்களிடம் நல்ல பதிலில்லை.

மாமா காலமானபின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். சென்ற மாதம் வனசிங்காரக் கரை கேட்டு ஒருவர் வந்தார். பழைய ஜக்கார்டு அட்டைகளைத் தூசி தட்டி ஏற்றினோம். மான் உருவம் தெரியத் தொடங்கியதும் தறியில் இருந்த தம்பியின் கை நின்றது.

"அண்ணே, அந்தப் பெரியவர் கண்டுபிடிச்சிருப்பாரா?" என்றான்.