எங்கம்மா காலும் இலவச வைத்தியமும்

எங்கம்மாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. 2016 கார்த்திகையில் பழவேற்காடு ஏரியில் எறா தடவப் போனபோது கெளுத்தி முள் குத்தியது. 2017 மாசியில் காலை எடுத்துவிட்டார்கள். நடுவில் போன மூன்று மாதத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பேரைப் போடவில்லை. போட்டால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் பூநாரை பார்க்க வருகிறார்கள். டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள். முந்நூறு நானூறு வருசத்துக்கு முன்னால் செத்தவனுக்கு எழும்புக்கூடு செதுக்கி, பேர் வெட்டிய கல் இருக்கிறது. அதே டச்சுக்காரன் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி படேவியாவுக்கு அனுப்பிய சனங்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. அது இருக்கட்டும்.

ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று குப்பத்துத் தலைக்கட்டுகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும். பட்டினவர் குப்பத்தில் ஆம்பிளையாகப் பிறந்தவனுக்குப் பாடு உண்டு. எங்கள் சேரிக்குக் கிடையாது. பக்கத்திலிருக்கும் இருளருக்கும் கிடையாது. பாடும் இல்லை, படகும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது கை ஒன்றுதான். தண்ணியில் குந்திக்கினு, சேத்தைத் தடவித் தடவி எறாவைப் பிடிக்கணும். பிடித்ததைப் பல்லால் கவ்வியிருக்கிற ஓலைப் பறியில் போடணும். நாள் முழுக்க இதுதான். காலை மட்டி ஓடு கிழிக்கும், கெளுத்தி குத்தும். எங்கள் தெருவில் குத்து வாங்காத பொம்பளை இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாளே மறுபடி இறங்குவார்கள்.

அம்மாவுக்கு அப்படி ஆறவில்லை. சர்க்கரை இருப்பது அதுவரைக்கும் தெரியாது. ஒன்பதாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் கண்ட பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனுசன். ஊசி போட்டார், சர்க்கரை பார்த்தார், மாத்திரை கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. "தினம் வந்து கட்டு மாத்திக்கணும். தண்ணியில மட்டும் கால வெக்காதீங்கம்மா" என்று சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டுச்சி: "தண்ணில வெக்காம வேற எங்கடா வெக்கிறது?"

கணக்கைச் சொல்கிறேன். ஆட்டோவுக்குப் போக முப்பது, வர முப்பது. நடக்க முடியாதவளைத் தனியாக அனுப்ப முடியுமா? எனக்கும் ஒரு அறுபது. அப்போது நான் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அம்மாவின் எறாத் துட்டும் போச்சு. கட்டு இலவசம். நாலு நாள் போனோம். ஐந்தாம் நாள் போகவில்லை. ஏழாம் நாள் நான் வேலைக்குப் போன பிறகு அம்மா காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கியிருக்கிறது.

பக்கத்திலேயே துணை சுகாதார நிலையம் ஒன்று இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஊருக்குள்ளே, கோயிலைத் தாண்டி. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பான். அதையும் பொறுத்துக்கொண்டு போனால் நர்ஸம்மா இருக்கமாட்டார். குறை அவர் மேல் இல்லை. 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு முழுக்க வைத்திருக்கும் கணக்கு. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் 3,000த்துக்கு ஒன்று. கர்ப்பிணி, கைக்குழந்தை, தடுப்பூசி, பதிவேடு என்று அந்த ஒரு பொம்பளை எத்தனை தெருவுக்கு நடப்பார்? தலையை எண்ணத்தான் கணக்கு இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளக்கக் கணக்கு இல்லை.

விரல் கறுத்த பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போடுகிற இடத்தில் இருந்தவர் முதலில் கேட்டது, "ஊரா, காலனியா?" அம்மா சொன்னதும் பஞ்சையும் மருந்தையும் மேசை மேல் தள்ளி, "நீயே பிரிச்சிடு, நாத்தம் தாங்கல" என்றார். அம்மா குனிந்து தன் புண்ணைத் தானே பிரித்துச்சி. எங்க ஆயா பேறுகாலம் பார்த்தவள். நடு ராத்திரியில் குப்பத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அவள் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். அவள் மகள் புண்ணைத் தொட ஒரு கை இல்லை. அன்றைக்கு நான் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. வைத்தியம் நின்றுவிடுமோ என்ற பயம்.

முதலில் இரண்டு விரல். அப்புறம் முட்டிக்குக் கீழே. அதற்கும் துட்டு வாங்கவில்லை.

தோழர்களே, நான் அரசாங்க வைத்தியத்தைத் திட்ட வரவில்லை. அது இல்லையென்றால் அம்மா செத்திருக்கும். 1946லேயே போர் கமிட்டி, துட்டு இல்லாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்றது. 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகளெல்லாம் கூடி, 2000க்குள் எல்லாருக்கும் நல்வாழ்வு என்றன. தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மருந்தை மொத்தமாக வாங்கிக் கிராமம் வரைக்கும் அனுப்பியது. 2008இல் 108 வண்டி வந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2018இல் டெல்லியின் ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் என்று.

அந்த 5 லட்சம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். தினம் வந்து கட்டு மாற்றிக்கொண்டு போகிறவளுக்கு அதில் அறுபது ரூபாய் ஆட்டோக் கூலி கிடையாது. அந்த மூன்று மாதமும் எங்கள் தெருவிலேயே ஒருத்தி கட்டு மாற்றத் தெரிந்தவளாக இருந்து, அவளுக்கு அரசு சம்பளம் கொடுத்திருந்தால், போன கால் போயிருக்காது. ஒரு வருசக் கட்டுத் துணிக்கு என்ன செலவாகும்? ஒரு காலை அறுத்து, பிறகு ஊன்றுகோலும் உதவித்தொகையும் கொடுக்க என்ன செலவாகும்? அரசாங்கத்துக் கணக்குப்பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. நல்ல திட்டம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபைப் பரிசுகூடக் கிடைத்தது. அம்மாவின் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை கொண்டுவருகிற பெண் அம்மா கையைப் பிடித்து பிரஷர் பார்க்கிறாள். "ஆயா, உப்பக் கொறைங்க" என்கிறாள். வெயிலில் வந்தவளிடம் அம்மா ஒவ்வொரு தடவையும் தண்ணி நீட்டும். "இப்பதான் குடிச்சிட்டு வரேன் ஆயா" என்பாள், ஒவ்வொரு தடவையும்.

சர்க்கரைக்காரர்கள் காலைக் காப்பாற்ற 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்துச்சி. "எந்தப் பாதம்டா?"

போன வாரம் பக்கத்துத் தெரு இருளர் பெண்ணுக்குக் கெளுத்தி குத்தியது. நாலு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. அம்மா கோலை ஊன்றிக்கொண்டு அவள் குடிசை வரைக்கும் போய், தன் காலைக் காட்டிக் காட்டிச் சொல்லுச்சி: "நாளைக்கே போயிடு யம்மா. நான் உன்கூட வரேன்." அந்தப் பெண் பறியை முடைந்துகொண்டே இருந்தாள். "அமாவாச கழியட்டும் பெரிம்மா. இப்பதான் எறா ஓடுது."