மெஷினுக்குள்ள கிடக்கிற எங்கட ஐசி

வெள்ளவத்தை காலி வீதியில 'கொமியூனிகேஷன்' கடைகளுக்குக் குறைவில்லை. இப்ப யாரும் அங்க கோல் எடுக்கப் போறதில்லை. பெயர் மட்டும் மிஞ்சி, வேலை போட்டோ கொப்பி, பிரிண்ட், லாமினேட்டிங் என்று மாறிவிட்டது. அசைன்மென்ட் வாரங்களில் என் கைக்காசில் பாதி அங்கதான் போகும்.

போன செமஸ்டர் ஒரு கடையில் அறுபது பக்க பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்தேன். முதல் ஒரு பிரதி பார்ப்பம் என்று கடை அண்ணா சாம்பிள் பிரிண்ட் போட்டார். இடமில்லை என்று மெஷின் நின்றுவிட்டது. சேமித்த வேலைகளின் பட்டியலைத் திறந்தார். ஒரு பிறப்புச் சான்றிதழ், இரண்டு பாஸ்போட், யாரோ ஒருவரின் வங்கிக் கூற்று, கிராம சேவகர் கடிதம். சிலது மாதக்கணக்கில் பழசு.

"இதெல்லாம் ஏன் அண்ணா இன்னும் இருக்கு?"

"அது அப்பிடியே கிடக்கும் தங்கச்சி. இடம் காணாட்டி அழிப்பம்."

அவரில் பிழை சொல்ல வரவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கும் பிறகு தேடி வாசித்துத்தான் விளங்கியது. சாதாரணமாக அனுப்பும் பிரிண்ட் பெரும்பாலும் தற்காலிக மெமரியில் இருந்து, வேலை முடிந்ததும் போய்விடும். ஹோல்ட், ஸ்டோர்ட் பிரிண்ட் என்று அனுப்பினால் அப்படியில்லை. ஸ்டோர்ட் என்று போட்டது யாராவது அழிக்கும்வரை இருக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள பெரிய மெஷின்களில் கரண்ட் போனாலும் அழியாது. பட்டியலில் இருந்து நீக்கினாலும், அதற்கு மேல் வேறொன்று எழுதப்படும்வரை டிஸ்கில் மீட்கக்கூடியதாகக் கிடக்கலாம்.

2010இல் அமெரிக்காவின் சிபிஎஸ் செய்திப் பிரிவு பாவித்த கொப்பி மெஷின்கள் நாலை வாங்கிப் பார்த்தது. ஒன்றுக்குள் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் நோயாளர் பதிவுகள் அப்படியே இருந்தன. அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற அந்த நிறுவனம் 2013இல் 12 லட்சம் டொலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது. வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது டிஸ்கை அழிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கட கடைகளுக்கும் பாவித்த மெஷின்கள் வருகின்றன, கைமாறிப் போகின்றன.

கொழும்புத் தமிழருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த முன்னூறுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. நீ யார், ஏன் இங்க நிற்கிறாய் என்று கடதாசியால் நிரூபித்துப் பழகிய தலைமுறை அது. கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் பெரியம்மா இன்றைக்கும் ஐசி கொப்பி பத்து எடுத்து ஃபைலில் வைத்திருப்பா. அந்தக் கடதாசியை அவ்வளவு கவனமாகப் பூட்டி வைக்கிற நாங்கள், அதன் இன்னொரு பிரதி கடை மெஷினில் தங்கலாம் என்று யோசிப்பதில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகும் ஒருவரின் தரவை வைத்திருக்கக்கூடாது என்கிறது. ஆனால் கடை கவுண்டரில் சட்டம் வந்து நிற்காது. நாங்கள்தான் நிற்கிறோம்.

அதனால் நான் இப்ப சில விஷயங்களைக் கேட்டே வாங்குகிறேன். ஐசி, பாஸ்போட் என்றால் ஸ்டோர் பண்ணாமல் நேரே அடிக்கச் சொல்வேன். ஸ்டோர் பண்ணினால் என் கண் முன்னாலேயே பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்வேன். வட்ஸ்அப்பில் அனுப்பியது கடைக் கம்பியூட்டரின் டவுன்லோட்ஸில் நிற்கும், அதையும் ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து அழிக்கச் சொல்வேன். கடை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம்: ஒவ்வொரு நாளும் பூட்டுமுன் பட்டியலைக் காலி பண்ணுங்கோ, மெஷினை விற்குமுன் டெக்னீஷியனிடம் டிஸ்கை முழுசா அழிப்பியுங்கோ.

முதல் தடவை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "என்னை நம்பேல்லையோ?" என்ற பார்வையும் வரும். "உங்களை நம்புறன் அண்ணா, மெஷினைத்தான் நம்பேல்ல" என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே அழித்துவிடுவார்கள்.