தகுதிச் சான்றும் மனச்சான்றும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் சென்ற நம் முன்னோர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நாலடி நடக்கவிட்டுக் கால்களை நோக்கினார்கள். விற்பவன் சொல்லை மட்டும் நம்பி எவரும் கயிற்றைக் கையில் வாங்கியதில்லை. இன்று நம் பங்குக் குடும்பங்கள் பல, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய கார் ஒன்றை வாங்குகின்றன. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், வேளாங்கண்ணிக்கும் அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருத்தலத்துக்கும் குடும்பத்தோடு போய்வரவும் அவ்வண்டி உதவுகிறது. நல்லதே. ஆனால் வாங்குமுன் என்ன பார்த்தீர்கள் என்று வினவினால், நம் காதில் விழும் விடை பெரும்பாலும் ஒன்றே: "எஃப்.சி. இன்னும் ஏழு வருஷத்துக்கு இருக்கிறது, சாமி."

இந்த விடையைச் சற்றே ஆராய்வது நலம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் வண்டிகளை இரு வகையாகப் பிரிக்கின்றன. வாடகைக் கார், வேன், பேருந்து, லாரி முதலியன போக்குவரத்து வாகனங்கள். இவை எட்டு ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் ஆய்வுக்குச் சென்று தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காரின் நிலை வேறு. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை அதன் பதிவு செல்லும். பின்னரே ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் நாம் காணும் தேதி இந்த 15 ஆண்டுக் கணக்குதான். ஆகவே எட்டாண்டு ஓடிய காருக்கு "ஏழு வருஷம் எஃப்.சி. இருக்கிறது" என்றால், அண்மையில் ஓர் அதிகாரி அதைச் சோதித்து நலமென்றார் என்பது பொருளன்று. புதிதாகப் பதிவான நாளுக்குப் பின் அதைச் சோதிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் எழவில்லை என்பதே பொருள். புகைச் சான்றோ புகையை மட்டுமே அளக்கிறது; பிரேக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் சொந்தக் கார்களுக்கும் கட்டாயச் சோதனை 1960ஆம் ஆண்டில் வந்தது. முதலில் பத்தாண்டு வயதான வண்டிகளுக்கு மட்டும் என்றிருந்தது, 1967 முதல் மூன்றாண்டு வயதான வண்டிகளுக்கும் என்றாயிற்று. அங்கே ஆண்டுதோறும் சோதனையில் தோற்கும் வண்டிகளின் குறைகளில் முன்னிற்பவை நான்கு: விளக்குகள், சஸ்பென்ஷன், பிரேக், டயர். இவற்றுள் எதுவும் மறைபொருளன்று. உடையவர் குனிந்து பார்த்திருந்தால் பெரும்பாலும் கண்ணில் பட்டிருக்கும்.

சரி, சோதனை நடந்து சான்றும் பெற்றுவிட்ட வண்டியையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2012 ஜூலை 25 அன்று, தாம்பரம் சேலையூரில் உள்ள பள்ளி ஒன்றின் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 2019 முதல் நமது செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. அந்தப் பேருந்து தகுதிச் சான்று பெற்ற பேருந்தே. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனைக் கையில் எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் சிறப்பு விதிகளை வகுத்தது. சட்டத்தின் முன் குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்தின் பொருள். நமது நெஞ்சைத் தொட வேண்டியது வேறொன்று: தாளில் தகுதி இருந்தது; தளத்தில் ஓட்டை இருந்தது. பயணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபரின் நினைவு நாளும் ஜூலை 25தான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சான்று ஏன் இவ்வாறு பொய்த்துப் போகிறது? எஃப்.சி. காட்டும் நாளுக்கென்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் பழையதையே திரும்ப மாட்டும் வழக்கம் நாடறிந்தது. துருவின்மேல் பட்டி பூசிச் சாயம் அடித்தால், சில நிமிடம் பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி புத்தம் புதிதே. வெளியே வெள்ளையடித்து உள்ளே அழுகிக் கிடந்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது இங்கே நினைவுக்கு வராமலில்லை. மனிதக் கண்ணின் குறையைத் தவிர்க்க, 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. எந்திரம் கையூட்டு வாங்காது, முகம் பார்க்காது. ஆயினும் அதுவும் அன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட வண்டியைத்தான் சோதிக்கும். அடுத்த நாள் வண்டிக்கு அது பிணை நிற்பதில்லை.

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரம் வாழும் நம் மக்களுக்குத் துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த உப்பீரம் துருவை விரைவுபடுத்துகிறது. அதுவும் தகடுகள் சேரும் மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திலிருந்தே தொடங்கும். ஆகவே பேனட்டின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டா. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்புறம் பாருங்கள். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி, பிரேக் குழாய் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் இரும்புத் தகட்டில் ஒட்டும். கனமாகப் பட்டி அடைத்த இடத்தில் ஒட்டாது.

வெள்ளம் கண்ட வண்டிகள் மற்றொரு வகை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் புறநகரில் பல வீதிகளைக் குளமாக்கியது. நீரில் நின்ற கார் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரக்கூடும். தரைவிரிப்பின் அடியில் வண்டல், இருக்கைத் தண்டவாளத்தில் துரு, மூடிய காருக்குள் பூஞ்சை வாடை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் சில சோதனைகளை எவரும் செய்யலாம். என்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது அல்லது அழுத்தம் நிற்கவில்லை என்று கொள்க. காரின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம். ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவருடைய மெக்கானிக்கை அன்றி, நீங்கள் அறிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று அவருக்குரிய கூலியைக் கொடுங்கள்.

இதுவரை வாங்குவோருக்குச் சொன்னோம். விற்போருக்குத் திருச்சபையின் போதனை யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதே வினாவை எழுப்பி விடை தந்திருக்கிறார். அவர் எடுத்துக்காட்டும் பொருள் குதிரை. ஒற்றைக் கண் குதிரையின் குறை வெளிப்படையானது. அதற்கேற்ப விலையைக் குறைத்தால், விற்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டிய கடமையில்லை. ஆனால் குறை மறைவானதாகவும், வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிப்பதாகவும் இருந்தால், சொல்லாமல் விற்பது வஞ்சகம். ஈடு செய்யும் கடமையும் அவரைச் சேரும். குதிரையை எடுத்துவிட்டுக் காரை வையுங்கள். எழுநூறு ஆண்டுக்கு மேலான இந்தப் போதனையில் ஒரு சொல்லும் பழுதாகவில்லை.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்போருக்கு விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் உண்டு. முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்ட பின்னும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளர், அது ஒருவரைக் கொன்றால் தாமே அந்த உயிருக்குப் பொறுப்பாவார். பிரேக் சரியில்லை என்று மெக்கானிக் எச்சரித்தும், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஓட்டுபவரின் வண்டி, அந்த முட்டும் மாடேயன்றோ? ஐந்தாம் கட்டளை கத்தி எடுப்பவனுக்கு மட்டும் உரியதன்று. வாகனம் ஓட்டுவோரின் அறநெறி குறித்துத் திருப்பீட அவை ஒன்று 2007ஆம் ஆண்டிலேயே தனி வழிகாட்டி வெளியிட்டது, சாலையும் அன்பின் களமே என்பதனாலன்றோ?

வண்டியை மந்திரிக்க வேண்டி வருவோருக்கு நாம் மகிழ்ச்சியோடு செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறோம். அந்த ஆசீர் தேய்ந்த டயருக்கு மாற்றன்று. இறைவனின் காவலை மன்றாடுகிறவர், தம் கையால் ஆகக்கூடிய காவலைச் செய்துவிட்டு மன்றாடுதல் முறை. பணம் குறைவாக உள்ள குடும்பத்தினருக்கு நமது வேண்டுகோள் இதுவே: சாயமும் இருக்கை உறையும் பாட்டுப் பெட்டியும் பிறகு ஆகட்டும், கையில் உள்ள முதல் ரூபாய் பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும். விற்கும் அன்பர்கள் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, விலையைக் குறைத்துக்கொள்ளட்டும்.

தகுதிச் சான்றை அரசு தருகிறது. அதற்கு ஒரு தேதி உண்டு. மனச்சான்றை இறைவன் தந்திருக்கிறார். அதை நாள்தோறும் நாமே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.