வலிக்கிறது என்றால் நம்புங்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளின் நடையைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலர் முதல் நாலைந்து அடிகளுக்குக் குதிகாலைத் தரையில் ஊன்றுவதே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தில் எடையை வைத்து இறங்குவார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் நடை சீராகும். "என்னப்பா காலுக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க ஐயா, பழகிடுச்சு" என்பார்கள்.

வலி பழகிவிடும் என்பது உழைக்கிற ஜனங்களின் நெடுநாள் நம்பிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவனைத்தான் கெட்டிக்காரன் என்று இத்தனை காலம் கொண்டாடினோம். வயதில் மூத்தவனாகச் சொல்கிறேன், அந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டும்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறது. கான்கிரீட் தளத்தில், கனத்த சேஃப்டி ஷூவோடு, எட்டு மணி நேரம் நிற்கிற சுமை அதன் மேல்தான் விழுகிறது. விடியற்காலையில் எழுந்து காலை ஊன்றியதும் ஆணி குத்துவதுபோல் சுரீரென்று வலிப்பது அதனால்தான். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். சிலருக்கு ஆண்டுகள் போனாலும் விடாது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுகிறோம். முள் இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம். முள் இல்லாமலே துடிப்பவர்களும் உண்டு.

அப்படியானால் வலி எங்கே இருக்கிறது? 1983-இல் லண்டனில் கிளிஃபோர்ட் உல்ஃப் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு இதற்கு வழிகாட்டியது. காயத்திலிருந்து வலிச்செய்தி வந்துகொண்டே இருந்தால், அதை வாங்கி மூளைக்கு அனுப்பும் தண்டுவட நரம்பணுக்களே மாறிவிடுகின்றன. திருவிழா மைக் செட்டில் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டால் இருமல்கூட இடியாகக் கேட்கும் அல்லவா, அப்படி. சாதாரண அழுத்தமே வலியாகிறது. வலிக்கிற இடமும் பரவுகிறது. நாள்பட்ட குதிகால் வலிக்காரர்கள் சிலரிடமும் இந்த மாற்றத்தின் அறிகுறிகள் காணப்படுகின்றன. தண்டுவடம் மட்டுமல்ல, மூளைக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்று அழுதவர்களைக் கண்ணாடிமுன் உட்காரவைத்து, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டியே சிலரது வேதனையைக் குறைத்தார். இல்லாத கையிலும் வலியை உணரவைக்கிறது மூளை. அது பொய் வலி அல்ல.

ஆகவே, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை நடிக்கிறார் என்று சொல்வது அநியாயம். தூக்கம் கெட்டாலும் மனம் பதறினாலும் இந்த நரம்புக் கூச்சம் ஏறும். நைட் ஷிஃப்டும், காண்ட்ராக்ட் வேலை எப்போது போகுமோ என்ற பயமும் சேர்ந்த பிள்ளைக்கு வலி கூடத்தானே செய்யும்? அதன்மேல் சூப்பர்வைசரின் ஏளனமும் எதற்கு?

தம்பி, தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வலி ஆரம்பிக்கும்போதே கவனியுங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன், ஒரு காலை மறுகாலின்மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள்; பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கிப் பழகலாம். செய்யும்போது லேசாக வலித்தால் கால் கெட்டுப்போகிறது என்று பயப்பட வேண்டாம். தாங்கும் அளவில், நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டினால், நரம்பும் அடங்கக் கற்றுக்கொள்ளும். செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அதைச் செய்யவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். கால் மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ஆலைகளை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நின்றே வேலை செய்பவர்களுக்கு, இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. கடைகளில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டம் திருத்தியது. லைன் ஓரத்தில் ஒரு ஸ்டூல், காலடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அளவான ஷூ. இவற்றுக்கு ஆகிற செலவு பெரிதல்ல. வலி நரம்பில் ஊறிய பிறகு அதை இறக்குவதுதான் பெரும்பாடு. ஒரு பிள்ளை "கால் வலிக்குது" என்று முதல் முறை சொல்லும்போதே நம்புங்கள்; அன்றைக்கே உட்கார இடம் கொடுங்கள்.