நாலு கண்

என் நாவல் ஒன்றில் ஒரு சிறுவன் வருகிறான். தாயில்லாப் பிள்ளை; தூத்துக்குடியில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் எடுபிடி. நங்கூரத்தோடு ஏறி வந்த சேற்றில் அரிசி நீளத்துக்கு ஏதோ ஒன்று வளைந்து துடிக்கிறது. விலாப்புறமாகச் சாய்ந்து துள்ளுகிறது. 'இறால் குஞ்சே, நீயும் என்னைப் போலத் தாய் முகம் பார்க்காதவன்தானே' என்று சொல்லி, அவன் அதைக் கடலில் விடுகிறான். அந்த இடத்தில் அழுதுவிட்டதாகப் பல வாசகர்கள் எழுதினார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வந்தான்.

ஒருவர் மட்டும் அழவில்லை. ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர், தூத்துக்குடிக்காரர். "தாங்கள் பார்த்தது சரி, வைத்த பெயர் தவறு. நேரில் வந்தால் காட்டுகிறேன்" என்று ஒரு கார்டு போட்டார்.

போனேன். கடலடிச் சேற்றைச் சலித்து எடுத்த ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "சொல்லுங்க ஸார்" என்றார்.

"இறால்தான்."

"இறாலுக்குக் கண் காம்பின் மேல் இருக்கும். முன்னுடம்பை ஓடு மூடியிருக்கும். இதற்கு உண்டா?"

இரண்டும் இல்லை. கண் தலையோடு ஒட்டியிருந்தது. உடம்பு வளையம் வளையமாக இருந்தது. ஏழு ஜோடிக் கால்களில் நாலு முன்னோக்கியும் மூன்று பின்னோக்கியும் இருந்தன. ஆம்பிபாட் என்ற பிரிவாம். இலங்கை முத்துச் சிப்பிப் பார்களில் கிடைத்தவற்றை வாக்கர் 1904-லேயே விவரித்திருக்கிறார். சென்னைக் கரையில் உள்ளவற்றைப் பற்றி நாகப்பன் நாயர் 1959-இல் எழுதினார்.

"அத்தனையில் இது எது?"

"கண்ணை எண்ணுங்க."

பக்கத்துக்கு இரண்டாகச் சிவப்புப் புள்ளிகள், மொத்தம் நாலு.

"ஆம்பெலிஸ்கா. காலில் சுரக்கும் பட்டு நூலால் சேற்றில் கூடு கட்டி, அதற்குள் மல்லாந்து கிடக்கும். அதிலும் எந்த வகை என்று சொல்ல, காலையும் வாலையும் கழற்றிப் பார்க்க வேண்டும்."

பிறகு ஊசியால் மெல்லப் புரட்டினார். வயிற்றடியில் சிறு தகடுகள் சேர்ந்து ஒரு பை. பைக்குள், தாயை அப்படியே சுருக்கினாற்போல் குஞ்சுகள்.

"கடல் இறால் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும் ஸார். இது பொரிக்கும் வரை சுமக்கும்."

நான் பேசவில்லை. சிறுவன் கையில் துடித்தது ஒரு தாயாகவே இருந்திருக்கலாம்.

மறுபதிப்புக்காகப் பிரதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'இறால்' என்ற சொல்லை அடித்தேன். அதோடு அந்த வாக்கியமும் போயிற்று. "கதைதானே, இருக்கட்டும்" என்றார் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பிள்ளையின் துக்கத்துக்குத் துணை தேடி, கண்ணைக்கூட எண்ணாமல் ஒரு ஜீவனை அநாதையாக்கினேன்.

சிறுவன் சேற்றைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறான். அவன் என்ன சொல்வான் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.