அம்மா வீட்டு ரூட்டர்

ஏப்ரல் 12, சனி

பாளையங்கோட்டைக்கு வந்து பையை இறக்குவதற்குள் அம்மாவின் முறையீடு: "அடுக்களையில நின்னு வீடியோ கால் பேசினா உங்க மூஞ்சி அப்படியே நின்னு போகுது."

ரூட்டர் முன்னறையில், இரும்பு பீரோவை ஒட்டி டிவிக்குப் பின்னால் கிடந்தது. சுவர்களோ அந்தக் காலத்துக் கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சோர்ந்துவிடும், 2.4 வேகம் குறைவென்றாலும் ஊடுருவும். சுருட்டி வைத்திருந்த ஃபைபர் கேபிளை மடங்காமல் பிரித்து (உள்ளே இருப்பது கண்ணாடி இழை) ரூட்டரைப் பட்டாசலில் உயரமாக மாட்டினேன். அடுக்களையில் படம் தெளிந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் பிரௌசரில் 192.168.1.1 என்று தட்டினேன். ரூட்டரின் அமைப்புகளுக்குள் போகிற வழி. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். மூன்று வருஷமாக இப்படியே இருந்திருக்கிறது. வயிற்றைப் பிசைந்தது.

வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, ரூட்டருக்கே இன்னொன்று. முதலாவதை எல்லோரும் பொத்திப் பொத்தி வைக்கிறோம்; இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இதனால்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த, யாரும் மாற்றாத பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் 60-க்குச் சற்று அதிகம். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்தியது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குக் கிடைக்காமல் போயின. அம்மா தனியாக இருக்கிறாளே என்று அண்ணன் வாசலில் மாட்டிய கேமராவும் அந்த வகைதான். முதலில் ரூட்டருக்கும் கேமராவுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்தேன். வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதியை அணைத்தேன்.

இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் ஒன்பது. எண்ணிப் பார்த்தால் எங்களுடையவை ஏழு. எட்டாவது, மாடியில் குடியிருக்கும் பையன், அம்மாவே கொடுத்ததாம். ஒன்பதாவது யார்?

வைஃபை பாஸ்வேர்டு அம்மாவின் செல் நம்பர். பத்து இலக்கம் நீளமாகத்தான் தெரியும். ஆனால் நம் ஊர் செல் நம்பர் 6 முதல் 9 வரையில்தான் தொடங்கும் என்பதால் மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். ஒரு போன் இணைகிற நேரத்தில் காற்றில் போகும் சேதியைப் பிடித்துவைத்துக்கொண்டால், நல்ல கிராபிக்ஸ் கார்டு சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். இரவு புதிய பாஸ்வேர்டுக்காக அம்மாவிடம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை கேட்டேன். "உலக்கை" என்று தொடங்கினாள். மற்றதை இங்கே எழுதமாட்டேன். இருபது எழுத்துக்கு மேல் வந்தது. பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டாள். குறிக்கட்டும், நாம் பயப்படுகிறவன் அடுக்களைக்குள் வரப்போவதில்லை. வைஃபையைப் பூட்டும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 இந்த ரூட்டரில் இல்லை, அதனால் முந்தைய டபிள்யூபிஏ2 வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுமுன் கேட்டது வைஃபை பாஸ்வேர்டு. விருந்தினருக்கென்று தனி வைஃபை திறந்துவைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். கேமராவையும் டிவியையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். அவற்றில் ஏதாவது கெட்டுப்போனாலும், அம்மா பென்ஷன் பார்க்கிற போன் இருக்கும் பக்கம் எட்டாது.

டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்தேன். பாஸ்வேர்டு தட்டாமல் எட்டு இலக்க எண்ணால் இணைய வழி செய்வது. அந்த எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்தே கணக்கிடக்கூடியது. ஆக 11,000 முயற்சிக்குள் கதவு திறந்துவிடும். 2011-இலேயே வெளிவந்த ஓட்டை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். விளக்குகள் அணைந்து திரும்ப எரியும்வரை பிளக்கை யாரும் தொடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாதியில் மின்சாரம் போனால் ரூட்டரே வீணாகிவிடலாம்.

மாடிப் பையன் வந்து கேட்டான். அம்மா அவனுக்கு விருந்தினர் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பிறகு பட்டியலைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். எட்டு.

"அந்த ஒம்பதாவது ஆளு யாருட்டி?"

தெரியவில்லை. இனி மாதம் ஒரு தரம் பட்டியலைத் தானே பார்ப்பதாகச் சொல்லி, 192.168.1.1-ஐ பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.